ஒருவருக்கு ஒரு கடவுச்சொல்

அக்டோபர் 27, திங்கள்

பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆணை வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் தரநிலைகளும் வகுக்க ஒரு குழு. தலைவர், வணிகவியல் புலத்தின் டீன் பேராசிரியர் ஜெபசிங். உறுப்பினர் செயலர், கணினி மையத்தின் கோமதிநாயகம், அதாவது நான். உறுப்பினர் செயலர் என்றால் எழுதுகிறவன். தலைவர் என்றால் எழுதியதன் கீழே கையெழுத்துப் போடுகிறவர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, யாரும் கேட்காமலே இப்படி ஒரு வரைவு எழுதிக் கொடுத்தேன். 'கோப்பில் வைக்கவும்' என்று ஓரத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்று எவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு தரமதிப்பீட்டுக் குழு வருகிறது. கொள்கை எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். ஆகவே இந்த அவசரம்.

ஆணையில் ஜெபசிங் 'அவர்கள்'. இங்கே எனக்கு அவன்தான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தோம். ஒரே ஆண்டில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். அவன் பேராசிரியர் ஆனான். நான் முனைவர் பட்டம் வாங்கியும் 'ஆசிரியர் அல்லாத பணியாளர்' பட்டியலிலேயே இருக்கிறேன். பட்டமளிப்பு விழாவில் அவன் அங்கி அணிந்து மேடையில் உட்கார்ந்திருப்பான். நான் மேடைக்குப் பின்னால் நின்று திரையில் படம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். போன வருட ஆண்டறிக்கையில் என் தலைப்பெழுத்தைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். திருத்தம் வெளியிடச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை.

காஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

கொள்கை எழுதுமுன் நடப்பு நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று துறை துறையாகப் போய்வந்தேன். கடவுச்சொற்களைக் கண்டுபிடிக்க எந்தத் திறமையும் தேவைப்படவில்லை. ஓரிடத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னோரிடத்தில் கரும்பலகையின் மூலையில் எழுதி, யாரும் அழித்துவிடாதபடி சுற்றிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். துணைவேந்தருடைய கடவுச்சொல் அவருடைய கார் எண். அது காவலாளிக்கும் தெரியும்.

தமிழ்த்துறையில் இன்னும் பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அவர்கள் அனுப்பும் சுற்றறிக்கை மற்றவர்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒருங்குறிக்கு மாறச் சொன்னால், தமிழுக்கு ஆபத்து வந்துவிட்டதுபோல் பார்க்கிறார்கள்.

மதியம் எங்கள் நடைக்கு எதிர்ப்புறம் உள்ள வணிகவியல் துறை அலுவலகத்தில் சாப்பிட்டேன். அங்கே எழுத்தர் சண்முகவடிவு. எல்லாருக்கும் வடிவு. பல வருடங்களாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார். இந்த முறை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அவர் வீட்டுக்காரர் முதுகுவலியால் வேன் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆகவே அந்தப் பட்டியலைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு.

கடவுச்சொல் ஆய்வு என்று சொன்னதும் சிரித்தார். "யாரு பாஸ்வேர்டு வேணும் சார்? டீன் சாரோடதா, பிச்சையா சாரோடதா? எல்லாம் எங்கிட்டதான் கெடக்கு."

"சிரிக்காதீங்க. இதுதான் தப்பு."

"தப்புன்னா அவங்ககிட்டச் சொல்லுங்க. நான் என்ன, கேட்டா வாங்குனேன்? 'நீயே போட்டுரும்மா'ன்னு சொல்லிட்டு கிளாசுக்குப் போயிருதாவ. கிளாசுக்குத்தான் போறாவளான்னு எனக்குத் தெரியாது." பிறகு என் டப்பாவை எட்டிப் பார்த்தார். "இன்னைக்கும் கடைத் தயிர்ச்சோறா? வயிறு என்னத்துக்கு சார் ஆகும்? இந்தாங்க, கத்திரிக்கா தொக்கு. காரமா இருக்குன்னு சொல்லக் கூடாது."

காரமாகத்தான் இருந்தது. அங்கே சாப்பிடுவது வசதிக்காக மட்டும்தான். கணினி மையத்தின் குளிர்சாதனத்தில் சோறு விறைத்துப்போகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

புனேவுக்குப் பேசினேன். மகள், "சாப்பிட்டீங்களாப்பா" என்றாள். பேரனைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் ஒரு பொம்மைக் காரைக் காட்டிவிட்டு ஓடிவிட்டான். என் மனைவி சிவகாமி கொஞ்சம் கழித்து வந்தாள். தீபாவளிக்கு வந்திருக்கலாமே என்றேன். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றாள். பொங்கலுக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

மகளின் பிரசவத்துக்காகப் போனவள். அங்கத்திய குளிர் அவளுக்கு ஒத்துப்போகிறது.

நவம்பர் 6, வியாழன்

ஜெபசிங் ஏதோ கருத்தரங்குக்கு மலேசியா போயிருக்கிறான். அகமதிப்பெண்களைப் போர்ட்டலில் ஏற்ற இன்று கடைசி நாள். அவன் கணக்கு திறக்கவில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டும் என்று நான் சோதனையாகப் போட்டிருக்கும் விதி, அவனை வெளியே நிறுத்திவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வடிவுக்கு அவனிடமிருந்து போன் வந்தது. கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"வடிவு, பழைய பாஸ்வேர்டுதான்மா, போட்டுப் பாரு."

"போட்டேன் சார். காலாவதின்னு வருது."

"நாயகம் அங்கதான உக்காந்து தின்னுட்டு இருப்பாரு? வே நாயகம்! உம்ம சிஸ்டம் என்னைய வெளிய தள்ளிருச்சு. அதச் சரி பண்ணிக் குடும். மார்க்க வடிவு போட்டுரும்."

"நீங்க நேர்ல வந்துதான் மாத்தணும் சார்," என்றேன். அவனை நான் எப்போதும் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன். அது அவனுக்குப் பிடிப்பதில்லை.

"நேர்ல வர நான் என்ன வள்ளியூர்லயா இருக்கேன்? பிள்ளைங்க மார்க்கு வே." வைத்துவிட்டான்.

வடிவு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குள் ஏற்றாவிட்டால் யாரைத் திட்டுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கை கழுவிவிட்டு வந்து, அவருடைய கணினியிலேயே என் நிர்வாகிப் பக்கத்தைத் திறந்து, ஜெபசிங்கின் கணக்குக்குப் புதிய கடவுச்சொல் போட்டுக் கொடுத்தேன். விதி வரும்வரை பழக்கம்தான் நடக்கும்.

"ரொம்ப நன்றி சார்," என்றார். மாலை நாலு மணிக்கெல்லாம் ஏற்றி முடித்துவிட்டாராம்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. கொடியில் போட்ட துணி இன்றும் காயவில்லை.

நவம்பர் 19, புதன்

குழுக் கூட்டம். ஏழாம் பிரிவை நான் மூன்று முறை எழுதி அடித்து எழுதியிருந்தேன். 'ஒருவருக்கு ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். ஒரு கணக்கின் வழியே நடக்கும் அனைத்துக்கும் அக்கணக்கின் உரிமையாளரே பொறுப்பு.' எழுதும்போது யாருடைய முகம் மனத்தில் இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜெபசிங் அதை உரக்க வாசித்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நல்லா இருக்கு வே. ஆனா ஒரு பக்கம்தான் வேலி போட்டிருக்கீரு. அடுத்த பக்கத்துல மாடு நுழைஞ்சிராதா? 'பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவோர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவர்'னு சேரும்," என்றான்.

வாக்கியம் சரியாகத்தான் இருந்தது. சேர்த்துக்கொண்டேன். ஆட்சிக்குழு ஒப்புதல் வரும்வரை இந்தப் பிரிவை மட்டும் இப்போதே நடைமுறைப்படுத்தலாம் என்று பதிவாளர் சொன்னார்.

ஒருங்குறியைப் பற்றித் தமிழ்த்துறைப் பிரதிநிதி நெடுநேரம் பேசினார். அவர் பேசிய குறிப்பையும் பழைய எழுத்துருவில்தான் தந்துவிட்டுப் போனார். கட்டம் கட்டமாக இருக்கிறது.

டிசம்பர் 22, திங்கள்

தேர்வு முடிவுகள் வந்தன. வணிகவியல் இரண்டாமாண்டில் எப்போதும் முதலில் வரும் முத்துச்செல்வி என்ற பெண் அகமதிப்பெண்ணில் தோற்றிருக்கிறாள். வகுப்புக்கே வராத ஒரு பையன் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். அவன் அப்பா கட்டட ஒப்பந்தக்காரர். நம் வளாகத்தில்தான் ஒரு விடுதி கட்டிக்கொண்டிருக்கிறார். ஊர் பேச அது போதாதா? முத்துச்செல்வியின் அப்பா டீன் அறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் ஒரு நிருபர் பதிவாளருக்குப் போன் செய்துவிட்டார்.

டிசம்பர் 23, செவ்வாய்

காலையிலேயே வடிவு கணினி மையத்துக்கு வந்தார். கையில் துறையின் மதிப்பெண் தாள்.

"சார், நான்தான் ஒரு வரி தள்ளிப் போட்டிருக்கேன்."

ஒரு மாணவி பாதியில் டிசி வாங்கிப் போய்விட்டாள். துறையின் தாளில் அவள் பெயர் இல்லை. போர்ட்டலில் இன்னும் இருக்கிறது. போர்ட்டல் பெயரைப் பார்க்காமல் தாளில் இருந்த வரிசைப்படி எண்களை மட்டும் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். அந்த இடத்திலிருந்து ஒருவர் மதிப்பெண் மேலே உள்ளவருக்குப் போய்விட்டது. முத்துச்செல்வியின் மதிப்பெண் ஒப்பந்தக்காரர் மகனுக்கு. வேறொன்றுமில்லை. அரைமணி நேரத்தில் திருத்திவிடலாம்.

ஆனால் பதிவாளர் ஏற்கனவே விசாரணைக்கு உத்தரவு போட்டுவிட்டார். டீனின் கணக்கில் நுழைந்து மதிப்பெண்ணை மாற்றியது யார் என்பது கேள்வி. ஜெபசிங் எழுத்தில் கொடுத்திருக்கிறான்: அன்று நான் நாட்டிலேயே இல்லை. என் கணக்கை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

டிசம்பர் 26, வெள்ளி

சந்தோஷம் என்று எழுத மாட்டேன். ஆனால் ஏழாம் பிரிவை இன்று இரண்டு முறை எடுத்து வாசித்தேன். கணக்கின் உரிமையாளரே பொறுப்பு. கிறிஸ்துமஸ் கேக்கோடு ஜெபசிங் நேரில் வந்தபோது அது என் மேசையில் விரித்தபடி இருந்தது.

அவன் கணினி மையத்துக்குள் வந்து பல வருடம் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போர்ட்டல் லாக் பதிவெல்லாம் உம்மகிட்டதான வே இருக்கு?"

"இருக்கு சார்."

"மார்க்கு எந்த மெஷின்ல இருந்து ஏறுச்சுன்னு மட்டும் குடும். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நமக்கு எதுக்கு? எனக்காகச் சொல்லல. உமக்காகச் சொல்லுதேன். பாலிசிய எழுதுன ஆளே பாஸ்வேர்ட மாத்தி அடுத்தவ கையில குடுத்தாருன்னா சிண்டிகேட்ல எவன் வே மதிப்பான்?"

"நீங்கதான் மாத்தச் சொன்னீங்க."

"சொன்னேன். போன்ல. யாரு கேட்டா?" கேக்கைத் திறந்து என் பக்கம் தள்ளினான். "வர்ற சிண்டிகேட்ல நானே பாலிசிய முன்மொழியுதேன். அட்டையில உம்ம பேரு. தலைமைத் தகவல் அலுவலர்னு ஒரு போஸ்ட் உண்டாக்கணும்னும் சொல்லப் போறேன். மேடையில எனக்குப் பக்கத்து நாற்காலி வே. எத்தன வருசமா எம்மேல முறைச்சிட்டுத் திரியுதீரு? தீந்து போவட்டும்."

பார்க்கிறேன் என்றேன். கேக்கில் பிளம்ஸ் அதிகம். பாதியைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

சிவகாமியிடம் புதிய பதவியைப் பற்றிச் சொன்னேன். "நல்லது" என்றாள். அவள் குரலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவளாகவே கேட்டாள்: "அந்த வடிவு எப்படி இருக்கா? போன்ல பேசினா உங்களுக்கு நேரத்துக்குச் சோறு போகுதான்னு அவகிட்டதான் கேட்டுக்கிடுவேன்."

இது எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன்.

பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையாம்.

டிசம்பர் 30, செவ்வாய்

வடிவை விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தரப் பணியாளர் என்றால் தற்காலிகப் பணிநீக்கம், குறிப்பாணை, பதில் என்று முறை உண்டு. தொகுப்பூதியத்துக்கு 'வர வேண்டாம்' என்ற இரண்டு சொல் போதும். நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்பதாம் தேதி அரசுக்குப் போகிறது. அவர் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் கதவருகே நின்றார்.

"சார், அன்னைக்கு நீங்க இருந்தீங்கல்லா. சொல்லுவீங்கல்லா?"

"பதிவுகள்ல இருக்கிறது தானா வெளிய வரும்," என்றேன்.

"அந்தப் பதிவெல்லாம் எனக்குப் புரியாது சார். நீங்க இருந்தேன்னு சொன்னா போதும்."

விசாரணையில் கேட்டால் சொல்வேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அப்படி ஒன்றும் கலங்கியதாகத் தெரியவில்லை. நான் சொல்வேன் என்று நினைத்துவிட்டார்போல.

ஜனவரி 2, வெள்ளி

பதிவாளர் கேட்டபடி போர்ட்டல் பதிவுகளை அச்செடுத்து அனுப்பினேன். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து எடுத்தேன். விசாரணை மதிப்பெண் ஏற்றியதைப் பற்றித்தான். மதிப்பெண் ஏறியது இரண்டுக்குப் பிறகுதான். அதற்கு முந்தியதை அவர்கள் கேட்கவில்லை.

மதியம் கணினி மையத்திலேயே சாப்பிட்டேன். சோறு விறைத்திருந்தது.

ஜனவரி 5, திங்கள்

கொள்கையின் அட்டை மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. 'தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் தரநிலைகளும். தொகுப்பு: முனைவர் ஆ. கோமதிநாயகம்.' தலைப்பெழுத்து சரியாக இருக்கிறது. எழுத்து கொஞ்சம் பெரியதாக இருக்கலாம் என்று எழுதினேன். பிறகு அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன்.

யாருக்காவது காட்டலாம் என்று எடுத்துக்கொண்டு நடையில் வந்தேன். வணிகவியல் அலுவலகம் பூட்டியிருந்தது. சாவிக்காரர் வடிவுதான். அங்குள்ளவர்கள் ஒரு வாரமாக எதையும் எடுக்க முடியாமல் திரிகிறார்கள். பிச்சையா என்னைப் பார்த்து, "சார், என் பாஸ்வேர்டு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? அது வடிவுக்குத்தான் தெரியும்," என்றார்.

ஜனவரி 7, புதன்

விசாரணை. பதிவாளர் அறை. ஒரு பக்கம் ஜெபசிங்கும் நானும். எதிரே வடிவு. உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"டீன் பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று பதிவாளர் கேட்டார்.

"டீன் சார் போன்ல சொன்னாங்க சார். எப்பவும் அப்படித்தான்."

ஜெபசிங் இடைமறித்தான். "நான் சொன்னதா இவங்க சொல்ற பாஸ்வேர்டு அன்னைக்கு முன்னமே காலாவதி ஆயிருச்சு சார். சிஸ்டத்துலயே இருக்கும். புதுசு எதுவும் நான் குடுக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. விடுதி வார்டன் முன்னாலும் அவன் அப்படித்தான் சிரிப்பான்.

"அப்ப புதுசு யாரு குடுத்தாங்க?"

வடிவு என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பேனாத் தாங்கியைப் பார்த்துக்கொண்டு, "அது... ஞாபகம் இல்ல சார்," என்றார்.

என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிவாளர் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

"நான்தான் மாத்திக் குடுத்தேன்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. அவன் இன்னொரு முறை தப்பித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

சொன்னதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவன் மலேசியாவிலிருந்து பேசியதைச் சொன்னேன். கேக்கைச் சொன்னேன். நாற்காலி தருகிறேன் என்றதைச் சொன்னேன். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தானாக வந்தது: விடுதியில் என் குறிப்புகளை வாங்கிப் படித்தது, இங்கே வந்தபின் என் வரைவு கோப்பில் போனது, பட்டமளிப்பு மேடை, ஆண்டறிக்கை. குரல் உயர்ந்துவிட்டது. பதிவாளர் கையைத் தூக்கி, "போதும் டாக்டர், போதும்," என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜெபசிங்தான் முதலில் பேசினான். கோபமே இல்லை. "சார், விடுங்க. நான் சொன்னேன், நாயகம் மாத்துனாரு, இந்தம்மா ஒரு வரி தப்பாப் போட்டாங்க. எல்லாரும் காலங்காலமாச் செய்யிறதுதான். யாரு மேல நடவடிக்கை எடுக்க?"

பதிவாளர் பேனாவை மூடினார். "எடுக்கலாம்தான். ஆனா எழுதி வச்சா நாளைக்கு என்னையும்லா கேப்பாங்க? என் பாஸ்வேர்டு என் பி.ஏ.கிட்டதான் இருக்கு. அது என்னன்னே எனக்குத் தெரியாது."

சிரித்தார்கள். மதிப்பெண்கள் தட்டச்சுப் பிழை என்று திருத்தப்படும். முத்துச்செல்வியின் அப்பாவுக்குப் பதிவாளரே பேசுவார். வடிவு நாளையிலிருந்து வரலாம், பட்டியலில் பெயர் போகும். ஏழாம் பிரிவு நடைமுறைக்கு ஒத்துவராதது என்று தெரிந்துவிட்டதால், கொள்கை முழுவதும் விரிவான ஆய்வுக்காகத் தள்ளிவைக்கப்படுகிறது. தரமதிப்பீட்டுக் குழுவுக்கு 'வரைவு நிலையில் உள்ளது' என்று காட்டினால் போதுமாம்.

வெளியே வரும்போது ஜெபசிங் என் தோளில் கை வைத்தான். "ஹாஸ்டல் நோட்டையெல்லாம் இன்னுமா வே ஞாபகம் வச்சிருக்கீரு?"

உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜனவரி 8, வியாழன்

மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு வணிகவியல் அலுவலகத்துக்குப் போனேன். வடிவு சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டார். வழக்கமான நேரத்துக்குத்தான் போனேன்.

"பட்டியல்ல பேரு சேந்துட்டாமே," என்றேன்.

"சேந்துட்டு சார். நன்றி."

நான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் கோப்புகள் இருந்தன. அவர் எடுக்கவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

"சார், தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"நேத்து அவ்வளவு நேரம் பேசுனீங்களே, என் பேரு ஒரு தடவ வந்துச்சா? எல்லாம் அவரு உங்களுக்கு என்ன செஞ்சாருன்னுதான். ஹாஸ்டல்ல நோட்டு வாங்குனாராம். எனக்கு எதுக்கு சார் அது? நான் அங்க என் சோத்துக்கு உக்காந்திருந்தேன்."

"வேலை போகலையே, வடிவு."

"போகல. அதுக்குத்தான் நன்றி சொல்லிட்டேன்." குரல் உயரவில்லை. "வீட்டுல இவரு தெனமும் கேட்டாரு, நாயகம் சார் பேரச் சொல்ல வேண்டியதுதானன்னு. அவரே சொல்லுவாரு, நான் எதுக்குக் காட்டிக் குடுக்கணும்னு சண்ட போட்டேன். இத்தன நாளா நீங்க ஒரு போன்கூடப் போடல சார். கடைசியில சொன்னதும் எனக்காகச் சொல்லல. டீன் சார் மேல இருக்க கோவத்துல சொன்னீங்க."

இல்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். நேற்று இங்கே நான் எழுதியதும் அதைத்தான்.

"சரி சார், ஃபைல் நெறையக் கெடக்கு," என்றார்.

டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்தேன். வெல்லம் போதவில்லை. புனேவிலிருந்து எல்லாரும் பேசினார்கள். பேரன், "தாத்தா, பொங்கலோ பொங்கல்" என்று சொல்லிக் கொடுத்தபடி சொன்னான். வடிவு போன் செய்தாரா என்று சிவகாமியிடம் கேட்டேன். இல்லையே, ஏன் என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் இங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கலாமே என்று அவள் கேட்பாள் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பால் பொங்கிவிட்டதா என்று கேட்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

கொள்கை தூங்கப் போய்விட்டாலும், அதற்காக நான் நிறுவிய உதவிமையச் செயலி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கணினியில் எந்தக் கோளாறு என்றாலும் அதில் முறைப்படி எழுதிக் கோர வேண்டும் என்பது தரநிலை. ஒருவரும் பயன்படுத்தவில்லை. எல்லாரும் போனில்தான் கூப்பிடுகிறார்கள், அல்லது நடையில் நின்று கத்துகிறார்கள். அணைத்துவிடலாம் என்று இன்று காலை திறந்தேன். முதல் கோரிக்கை வந்திருந்தது.

'அனுப்புநர்: ச. சண்முகவடிவு, வணிகவியல் துறை. மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் அலுவலக அச்சுப்பொறியின் இணைப்பு வேலை செய்யவில்லை. தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. கணினியின் எண், அறை எண், கோளாறின் வகை, அவசரமா இல்லையா. இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய தரநிலையை முழுதாகப் படித்து, அப்படியே பின்பற்றியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய அறை என் கதவிலிருந்து பத்தடி. எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்து, இங்கிருந்தபடியே இணைப்பைச் சரிசெய்தேன். எதிர்ப்புறம் அச்சுப்பொறி ஓடும் சத்தம் கேட்டது. கோரிக்கை முடிக்கப்பட்டது என்று குறித்தேன்.

சேவை திருப்திகரமாக இருந்ததா என்று செயலி தானாகவே கேட்கும். சிறிது நேரத்தில் பதில் வந்தது. 'ஆம்' என்று குறித்திருந்தார். வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதவும் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.